வாரம் 6,000 ரூபாயில் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கணவர் டெய்லர், மனைவி செக்கிங் பிரிவில். இருவருக்கும் சேர்த்து வாரம் 6,000 ரூபாய், சனிக்கிழமைதோறும் கைக்கு வருகிறது. வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய பைக். குடும்பம் கற்பனை, தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரும் கூலியும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

வருகிற பணம் கைக்கும் வாய்க்குமே சரியாகப் போகிறது. இதில் பட்ஜெட் எதற்கு?

சாதாரண மாதங்களைப் பாருங்கள். வாடகை கொடுக்கிறீர்கள், மளிகை வாங்குகிறீர்கள், மாதம் எப்படியோ முடிந்துவிடுகிறது. குடும்பம் சாய்வது சாதாரண மாதங்களில் அல்ல. ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஆவணியில் அடுத்தடுத்து கல்யாணப் பத்திரிகைகள் வரும்போது, தீபாவளிக்கு, தைக்கு, பைக்குக்கு டயர் மாற்றும்போது, ஆண்டுக்கு ஐந்தாறு முறைதான் சாய்கிறது. ஒவ்வொரு முறையும் வெளியே கடன் வாங்குகிறோம். அந்த வட்டியைக் கட்டுவதற்காகச் சாதாரண மாதங்களும் இறுகிப்போகின்றன.

இந்தச் செலவுகளை நாம் 'திடீர்ச் செலவு' என்கிறோம். தீபாவளி எந்த ஆண்டும் திடீரென்று வந்ததில்லை. தேதி காலண்டரில் அச்சாகி ஜனவரி முதலே சுவரில் தொங்குகிறது. ஆகவே முதலில் போட வேண்டியது ஆண்டுக் கணக்கு. மாதக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ஆண்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரையோ, ஜனவரி முதல் டிசம்பர் வரையோ எழுதுங்கள். போன ஆண்டு எந்த மாதத்தில் பெரிய தொகை போனது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நினைவுபடுத்துங்கள். நகை அடகு ரசீதுகள் இருந்தால் வேலை எளிது. எந்த மாதம் நகை அடகுக்குப் போயிற்றோ அதுதான் உங்கள் பெரிய செலவு மாதம்.

நம் திருப்பூர்க் குடும்பத்துக்கு இப்படி வருகிறது என்று வையுங்கள். பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை, காலணி 18,000. தீபாவளிக்குத் துணி, பலகாரம், சொந்த ஊர் போய்வருவது 12,000. பொங்கல் 4,000. மொய், சீர் 10,000. குலதெய்வக் கோயில், ஊர்த் திருவிழா 4,000. பைக்குக்கு இன்சூரன்ஸ், பராமரிப்பு 4,000. காய்ச்சல், பல், கண் என்று ஆண்டில் வந்தே தீரும் சில்லறை மருத்துவம் 6,000. மிக்சி, மின்விசிறி பழுது 2,000. மொத்தம் 60,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 5,000.

அதாவது மாதம் 24,000 வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் இந்தக் குடும்பத்துக்கு, உண்மையில் செலவழிக்கக் கையில் இருப்பது 19,000. இதைத் தெரிந்துகொள்ளாமல் டீயைக் குறைத்தும் பயனில்லை, டிபனைக் குறைத்தும் பயனில்லை.

மாதம் 5,000 ஒதுக்கச் சொன்னால் எங்கே போவது?

முழுவதையும் மாதப் பணத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. வாரக் கூலிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆண்டுக்கு 52 வாரம்; மாதத்துக்கு நான்கு வாரம் என்று குடும்பம் நடத்தினால் 48 வாரத்துக்குத்தான் கணக்கு. மீதி நான்கு வாரக் கூலி ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் ஒளிந்திருக்கிறது. நான்கு வாரம் என்றால் 24,000 ரூபாய். பெரும்பாலான வீடுகளில் இந்த ஐந்தாவது சனிக்கிழமை, 'இந்த மாதம் கொஞ்சம் தாராளம்' என்ற நினைப்பிலேயே கரைந்துபோகிறது. காலண்டரில் அந்தத் தேதிகளை இப்போதே வட்டமிட்டு வையுங்கள். அந்த வாரக் கூலி முழுதும் ஆண்டுச் செலவுக்கு.

அடுத்தது தீபாவளி போனஸ். சட்டப்படி குறைந்த அளவு 8.33 சதவீதம், கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். இருவருக்கும் சேர்த்து 20,000 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 24,000 + 20,000 = 44,000. மிச்சம் 16,000 ரூபாய்க்கு மாதம் 1,350 ஒதுக்கினால் போதும். 5,000 என்று கேட்டபோது மலைப்பாக இருந்த தொகை, எட்டக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. போனஸ் அக்டோபர் வாக்கில்தான் வரும்; பள்ளிக் கட்டணம் ஜூனிலேயே கேட்பார்கள். அதனால் முதல் ஆண்டு இடிக்கும். போனஸில் மீந்ததைத் தொடாமல் அடுத்த ஜூனுக்குக் கொண்டுபோக முடிந்துவிட்டால் இரண்டாம் ஆண்டு சக்கரம் தானாகச் சுற்றும்.

மாத வரவு செலவை எப்படிப் பிரிப்பது? 50-30-20 என்கிறார்களே?

தேவைக்கு 50 சதவீதம், விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்ற அந்தக் கணக்கு அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்காக உருவானது. வாரம் 6,000 ரூபாய் வாங்கும் வீட்டில் அரிசி, வாடகை, பள்ளி, பஸ் ஆகியவையே 80 சதவீதத்தைத் தாண்டும். அந்த அளவுகோலை எடுத்துவைத்துக்கொண்டு 'நமக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று குற்ற உணர்வு கொள்வது வீண்.

நம் குடும்பத்துக்கு நான்கு வார மாதத்தில் 24,000. வாடகை 5,000, மளிகை 5,500, பால் காய்கறி கறி மீன் 4,000, கேஸ் மின்சாரம் போன் 1,700, பஸ் பெட்ரோல் 1,500, பிள்ளைகள் 1,300, இருவரின் கைச்செலவு 1,500. கூட்டினால் 20,500. மீதி 3,500. அதில் 1,350 ஆண்டுச் செலவுக்கு, 1,150 வேலை இல்லாத வாரங்களுக்கு, 1,000 நீண்ட காலச் சேமிப்புக்கு.

கைச்செலவு 1,500 என்பதை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். அதைச் சுழியாக எழுதுகிற பட்ஜெட் இரண்டு வாரம் ஓடும். மூன்றாவது வாரம் வீட்டில் சண்டை வரும், நோட்டு மூலைக்குப் போகும்.

வாரச் சம்பளத்தில் மாத வாடகை கொடுப்பது எப்போதுமே இடிக்கிறது.

வாடகையை வாரத்துக்குப் பிரியுங்கள். சனிக்கிழமை இரவே 1,250 ரூபாய் தனியாகப் போய்விட வேண்டும். மளிகைக் கடைக்கும் இப்படியே வாரப் பணம். கடை அக்கவுண்ட் நோட்டு வைத்து மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பவர்கள் இரண்டு வகையில் இழக்கிறார்கள். கையில் காசு கொடுக்காததால் வாங்கும் அளவு கூடுகிறது. கடன் வைத்திருக்கும் கடையில் விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்கும் போக முடியாது.

தனித்தனி டப்பாவோ கவரோ போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போவதற்கு முன் பிரித்துவிடுங்கள். போய்வந்த பிறகு பிரிக்க ஒன்றும் இருக்காது.

முதலில் எதைக் குறைப்பது? டீயா?

டீயை விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டீ குறைத்தால் மாதம் 900 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் எட்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மின்சாரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் குறைந்த கட்டணம். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய், தாண்டிய யூனிட்டுக்கும் கூடுதல் விலை. 490-க்கும் 520-க்கும் இடையே முப்பது யூனிட்தான். பில்லில் வித்தியாசம் அதைவிடப் பெரிது. கணக்கெடுப்புக்கு வரும் தேதி கார்டில் இருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே மீட்டரைப் பாருங்கள். வீட்டுக்காரர் தனி மீட்டர் தராமல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் இந்தச் சலுகை எதுவும் உங்களுக்கு வராது. வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது. 500 ரூபாய் வாடகை குறைவு என்று போய் மின்சாரத்தில் அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம்.

அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் பருப்பு இதைப்போல் பல மடங்கு. வேலைக்குப் போகும் வீடுகளில் ரேஷன் கடை நேரம் ஒத்துவராமல் பருப்பும் எண்ணெயும் விட்டுப்போகின்றன. அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று போகத் தேவையில்லை. அட்டையில் பெயர் உள்ள யாரும் போய் விரல் வைத்து வாங்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்லிவையுங்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போக ஷேர் ஆட்டோ பிடிக்கும் பெண், பஸ் நேரத்துக்கு ஏற்பப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அதுவே மாதச் சேமிப்பு.

மொய் எங்களை விழுங்குகிறது. போகாமல் இருக்கவும் முடியாது. என்ன செய்வது?

மொய்யை 'வீண் செலவு' என்று ஒதுக்கும் நிதி ஆலோசனைகள் நம் ஊரைப் புரிந்துகொள்ளாதவை. நூற்றாண்டுகளாக வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் முதல் தந்தது மொய்தான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்தி, கிடா வெட்டிப் பந்தி போட்டு, வந்த பணத்தை நோட்டில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். வட்டி இல்லாத கடன், பத்திரம் கிடையாது, திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. எந்த வங்கிக்கும் இவ்வளவு பலமான ஜாமீன் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், வந்த மொய்யை வருமானமாக நினைத்துச் செலவழித்துவிடுவதில். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு 80,000 மொய் வந்தது என்றால், உங்களுக்கு 80,000 கடன் இருக்கிறது. கேட்கும் தேதி மட்டும் தெரியாது. அந்தத் தேதியும் ஓரளவு தெரியும். நோட்டைப் புரட்டுங்கள். செய்தவர்களின் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள், வயதுக்கு வரும் பெண் பிள்ளைகள் எத்தனை, யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்தால் அடுத்த மூன்று ஆண்டின் மொய்ச் செலவு கண்முன் வந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் முகூர்த்தம் இல்லை. வைகாசி, ஆவணி, தை என்று கூட்டமாக வரும். எழுதி வைத்தால் அந்த மாதங்களுக்கு முன்பே சேர்க்கலாம்.

புதிதாக வரும் பத்திரிகைகளுக்கு நேரில் போய் வேலை செய்யுங்கள். மொய்யைக் குறைவாகவே தொடங்குங்கள். 500-இல் தொடங்கிய கணக்கு 500-லேயே ஓடும். வீம்புக்கு 2,000 எழுதினால் அவர்களுக்கும் அது சுமைதான். தாய்மாமன் சீரில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், அது வேறு விஷயம். அதற்குத் தனியாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

மாதம் 1,000 ரூபாயை எங்கே போடுவது?

தபால் அலுவலகத் தொடர் வைப்பு, நாம் ஆர்.டி. என்பது. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்தாண்டுத் திட்டம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதம் ஆனது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு விகிதத்தை அறிவிக்கும்; நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதமே உங்களுக்கு ஐந்தாண்டும். அந்த விகிதத்தில் மாதம் 1,000 கட்டினால் 60,000 கட்டி 71,000-க்குச் சற்று மேல் வரும். ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். பன்னிரண்டு தவணைக்குப் பிறகு இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். மூன்றாண்டுக்குப் பின் இடையில் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். அதனால் மூடுவதைவிடக் கடன் எடுப்பது மேல்.

1,000 ரூபாயை ஒரே கணக்காகப் போடாமல் 500, 300, 200 என்று மூன்றாகத் தொடங்குங்கள். கஷ்டம் வந்தால் ஒன்றை மட்டும் மூடலாம், மற்றவை ஓடும். ஏஜென்ட் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறார் என்றால் பாஸ்புத்தகத்தில் பதிவாகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம். ஆண்டுக்கு 250 ரூபாய் போதும். 2024 ஜனவரி முதல் 8.2 சதவீதம், சிறுசேமிப்பில் இதற்குமேல் இல்லை. ஆனால் அது பூட்டிய பணம். படிப்புக்குப் பாதி எடுக்கவே அவளுக்கு 18 வயதாக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். கைக்காவலாக, அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடாதீர்கள்.

சீட்டு போடலாமா?

போடலாம், பதிவு பெற்ற சீட்டு என்றால்.

50,000 ரூபாய்ச் சீட்டு, 25 பேர், மாதம் 2,000. மூன்றாவது மாதம் ஒருவர் 12,000 தள்ளி, அதாவது அந்தத் தொகையை விட்டுக்கொடுத்து, எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கையில் 38,000. நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் என்றால் 2,500. மிச்சம் 9,500 ரூபாயை 25 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 380. அந்த மாதம் நீங்கள் கட்ட வேண்டியது 1,620. (2019-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம்.) தொடக்கத்தில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். நீங்கள் எந்த ஆள் என்று சேரும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். சேமிக்கச் சேர்ந்துவிட்டு நான்காவது மாதம் தள்ளி எடுத்து டிவி வாங்குவதுதான் வழக்கமாக நடப்பது.

சீட்டுக்கென்று 1982-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு சீட்டும் பதிவுத்துறையில் பதிவாக வேண்டும்; நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை அங்கே கட்டிவைக்க வேண்டும். தெருவில் ஒரு அக்கா நடத்தும் சீட்டில் இவை எதுவும் இல்லை. அக்கா நல்லவர்தான். அவரிடம் எடுத்தவர்களில் இருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் நல்லவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தீபாவளிச் சீட்டு என்று மாதம் 500, 1,000 வாங்கிக்கொண்டு பட்டாசு, மளிகை, தங்கக் காசு தருவதாகச் சொல்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். கட்டியதைவிட அதிகப் பொருள் தருவேன் என்று சொன்னால், அந்த அதிகம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஏமாந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கென்றே 1997-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடக்கும், சொத்தை முடக்குவார்கள், பணம் வர ஆண்டுகள் ஆகும்.

நகையாகச் சேர்ப்பது நல்லதில்லையா? அவசரத்துக்கு அடகு வைக்கலாமே.

அவசரத்துக்குத் தங்கம் உதவுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நகை வாங்கும்போதே ஒரு பகுதி போய்விடுகிறது. 50,000 ரூபாய்த் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்றால் 6,000. அந்த மொத்தத்துக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,680. நீங்கள் கொடுப்பது 57,680. அடுத்த நாளே விற்கப் போனால் 50,000 கிடைத்தாலே பெரிது. விலை ஏறும் காலத்தில் இது மறைந்துபோகிறது, அவ்வளவுதான்.

கடைகளில் 11 மாத நகைச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. மகளுக்கு எப்படியும் நகை எடுக்கப்போகிறீர்கள், அந்தக் கடையில் சேதாரம் தள்ளுபடி உண்டு என்றால் சேரலாம். ஆனால் அது வங்கி வைப்பு அல்ல. வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு; நகைக்கடையில் கட்டிய தவணைக்கு அந்தக் காப்பு இல்லை. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அடகு வைப்பதானால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். ஓர் உபரித் தகவல்: 2021-இல் கூட்டுறவு நகைக் கடன் 5 சவரன் வரை, நிபந்தனைகளோடு தள்ளுபடி ஆயிற்று. அன்றிலிருந்து அடுத்த தள்ளுபடிக்காக நகையை மீட்காமல் வட்டியை ஏற்றிக்கொண்டிருப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

கடன் இருக்கிறது. அதை அடைத்துவிட்டுச் சேமிப்பதா, சேர்ந்தே செய்வதா?

கடனின் வட்டியை முதலில் ஆண்டு வட்டியாக மாற்றிப் பாருங்கள். மூன்று ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று. ஆண்டுக்கு 36 சதவீதம். தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருகிறார்; தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுகிறீர்கள். 'ஆயிரம் ரூபாய்தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைகிறது. சராசரியாக நூறு நாளும் உங்கள் கையில் இருந்தது 4,500 போலத்தான். அதற்கு ஆயிரம் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 80 சதவீதம். இவ்வளவு வட்டிக் கடனை வைத்துக்கொண்டு 6.7 சதவீதத்துக்கு ஆர்.டி. போடுவதில் பொருள் இல்லை.

ஆனாலும் 3,000 முதல் 5,000 வரை கையில் நிறுத்திக்கொண்டு பிறகு கடனை அடைக்கத் தொடங்குங்கள். முழுவதையும் கடனில் போட்டுவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி தண்டல்காரரிடம்தான் போவீர்கள்.

முதலில் அடைக்க வேண்டியது வட்டி அதிகமான கடன், தொகை பெரிதான கடன் அல்ல. வங்கி நகைக் கடன் வாங்கித் தண்டலை முடிப்பது பெரும்பாலும் லாபம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் குழுக் கடனை இதற்குப் பயன்படுத்துங்கள். தர்மபுரியில் 1989-இல் தொடங்கிய இந்தக் குழுக்களின் நோக்கங்களில் ஒன்று கந்துவட்டியிலிருந்து மீட்பது. அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தைச் சொல்லியே புகார் எழுதுங்கள். செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளைத் தொடவே வேண்டாம். உங்கள் போனில் உள்ள எண்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உறவினரிடம் அசிங்கப்படுத்துவது அவற்றில் பலவற்றின் வசூல் முறை.

கம்பெனியில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். வேண்டாம், கையில் கொடுங்கள் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் 12 சதவீதத்தோடு முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார் (அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது). 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். வெளியே எங்கு போட்டாலும் மறுநாளே இன்னொருவர் அதே தொகையைச் சேர்த்துத் தரப்போவதில்லை. கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுவதுதான் நம் பழக்கம். எடுக்காமல் பழைய யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதிய கம்பெனியில் கொடுங்கள். பத்தாண்டு சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியம்.

ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், 15,000 சம்பளத்துக்கு 112 ரூபாய் 50 காசு. அதற்குக் குடும்பத்துக்கே சிகிச்சை. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். பிரசவத்துக்கு 26 வாரம். டிஸ்பென்சரியில் கூட்டம், மாத்திரை இல்லை என்ற குறைகள் உண்மைதான். இருந்தாலும் பெரிய அறுவைச் சிகிச்சை என்று வரும்போது அந்த அட்டையின் மதிப்பு தெரியும்.

ஒரு மாதம் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, அடுத்த மாதம் வாரம் நான்கு நாள்தான் வேலை. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

மெலிந்த மாதத்தை வைத்து. ஒன்றரை ஷிப்ட் கூலியை வருமானமாக எண்ணி வாடகையோ தவணையோ ஏற்றிக்கொண்டால் ஆர்டர் குறையும்போது நெரிக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகள் அதை உடனே உணர்ந்தன. அதற்கு முன்பு நூல் விலை, அதற்கும் முன்பு ஊரடங்கு. ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

மேலே ஒதுக்கிய 1,150 ரூபாய் இதற்குத்தான். ஓராண்டில் 13,800 சேரும். இரண்டு வாரக் கூலிக்கு மேல். 'ஆறு மாதச் செலவைச் சேர்த்து வையுங்கள்' என்று படித்துவிட்டு மலைத்து உட்கார வேண்டாம். இரண்டு வாரம் இருந்தாலே தண்டல்காரர் வாசலுக்கு வரமாட்டார். ஒன்றரை ஷிப்டில் வரும் மேலதிகப் பணத்தில் பாதியை இதிலேயே தள்ளுங்கள், மீதிப் பாதியில் கறி எடுங்கள்.

காப்பீடு எதுவும் வேண்டுமா?

இரண்டு மிக மலிவானவை வங்கியிலும் தபால் அலுவலகத்திலும் இருக்கின்றன. ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு (18 முதல் 50 வயது வரை சேரலாம்), 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. ஜூன் முதல் மே வரை ஆண்டு. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு அறுந்துவிடும். பலருக்கு இதுதான் நடக்கிறது.

ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நம் திருப்பூர்க் குடும்பம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.தான்.

தெரிந்தவர் ஒருவர் ஏஜென்ட் ஆகிவிட்டார் என்பதற்காகப் பெரிய தவணையில் எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் காப்பீடும் கலந்தது) எடுக்காதீர்கள். முதல் சில ஆண்டுகளில் நிறுத்த நேர்ந்தால் கட்டியதில் நல்ல பகுதி போய்விடும். நிலையற்ற வருமானக்காரர்கள்தான் அப்படி நிறுத்த நேர்பவர்கள்.

வீட்டுக்காரர் குடிக்கிறார். எந்தக் கணக்கும் நிற்பதில்லை.

இதற்கு நோட்டும் பேனாவும் மட்டும் போதாது. குவார்ட்டர் 150 ரூபாய், வாரம் மூன்று நாள் என்றாலே மாதம் 1,950. நம் கணக்கில் நீண்ட காலச் சேமிப்பும் கைக்காவலும் சேர்ந்த 2,150-க்குக் கிட்டத்தட்ட அதே அளவு.

உங்களால் முடிவதைச் சொல்கிறேன். உங்கள் கூலி உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் போகட்டும்; ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். கட்டிய பணத்தை யாரும் கேட்க முடியாது. குழுச் சேமிப்பு இதற்கு நல்ல மறைவிடம். அவர் தெளிவாக இருக்கும் நாளில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். குடியை நோயாகப் பார்த்து மருத்துவம் செய்கிறார்கள். அடி உதை இருந்தால் சேமிப்பைப் பற்றி யோசிக்கும் நேரம் அல்ல அது. 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

செல்போனில் பணம் அனுப்புவதால் எவ்வளவு போகிறதென்றே தெரியவில்லை.

இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூலி ஒன்றில் விழட்டும். அதைப் போனில் இணைக்க வேண்டாம். வாரத்துக்கான செலவுப் பணத்தை மட்டும் இரண்டாவது கணக்குக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்வது அதிலிருந்து மட்டும். தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. ஆனால் ஒரே வங்கியில் சாதாரணக் கணக்கும் அடிப்படைக் கணக்கும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

கணக்கு, பாஸ்புத்தகம் எல்லாம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

சிறு சேமிப்புகளைப் பெண்ணின் பெயரில் தொடங்குவதுதான் என் பரிந்துரை; பெரும்பாலான வீடுகளில் அவர்தான் அதை உடைக்காமல் காப்பவர். யார் பெயரில் என்றாலும் ஒவ்வொரு கணக்கிலும் வாரிசுதாரர் நியமனம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப்.புக்கு இதை இணையத்திலேயே செய்யலாம். திருமணத்துக்கு முன்பு சேர்ந்தவர்கள் பலருக்கு இன்னும் அம்மா பெயரே இருக்கும். திருமணம் ஆனதும் அந்தப் பழைய நியமனம் செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும். எந்தெந்தக் கணக்கு எங்கே, பாலிசி எண் என்ன, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பதை மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இடம் தெரிந்த நோட்டு அதுதான். ரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம்.